டாண்டிக்குப் பிறகு பங்க் இல்லை

சாந்தோம்
9 ஜூன் 2024

அனு,

என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய். உன் அம்மாவுக்கு அடித்தால் "அவ தூங்குறாப்பா" என்கிறார். காலையில் கேட்டாலும் தூக்கம், சாயங்காலம் கேட்டாலும் தூக்கம். சாந்தோமிலிருந்து திருவான்மியூருக்கு ஒரே பஸ்தான். வந்து நின்றால் கதவைச் சாத்திவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது. அதனால் எழுதுகிறேன். பத்தாம் வகுப்போடு பேனாவைக் கீழே வைத்தவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

அன்று பெசன்ட் நகரில் நடந்ததை மறுபடி மறுபடி நினைத்துப் பார்க்கிறேன். லடாக் போகிற பைக் குழுவுக்கு பிரபுதான் தலைவர். உன் மூன்று சக்கர வண்டியைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, "மேடம், எங்க பைக் லிட்டருக்கு முப்பத்தஞ்சு குடுக்கும். இது குடிக்கிற பெட்ரோலுக்கு நாங்க கேன் தூக்கிட்டு வரணுமா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான், "சார் சொல்றது கரெக்டுதானே அனு" என்றேன்.

அதில் பொய் என்ன இருக்கிறது? பின்னால் ஒரு சக்கரம் கூடுதல், எடை கூடுதல், அகலம் கூடுதல். அத்தனையும் காற்றை முட்டிக்கொண்டு போகவேண்டும். மணாலிக்கு மேலே டாண்டியில் ஒரு பங்க். அதை விட்டால் முந்நூற்று அறுபது கிலோமீட்டருக்கு மேல் ஒரு சொட்டு கிடைக்காது என்று அவர்களே சொன்னார்கள்.

மீன் பிடிக்கப் போன நானும் பக்கிரியும் படகில் எண்ணெய் தீர்ந்து நடுக்கடலில் கிடந்தது உனக்குத் தெரியும். ஆந்திராப் படகுக்காரர்கள் பார்த்து ஒரு கேன் கொடுத்திருக்காவிட்டால் நமக்குக் கல்யாணமே நடந்திருக்காது. என்ஜின் நின்றதும் ஒரு அமைதி வரும். அது உன் காதில் விழக்கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன்.

லடாக் வேண்டாம். வீட்டுக்கு வா.

ஆண்டனி

•

திருவான்மியூர்
13 ஜூன் 2024

ஆண்டனிக்கு,

கடிதம் கிடைத்தது. பிழைகள் இல்லை. ஒன்றைத் தவிர.

நீங்கள் சொன்னது பொய் என்று நான் சொல்லவே இல்லை. மைலேஜ் கணக்கு எனக்கும் தெரியும். வீட்டில் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அப்புறம் சோறு போட்டிருப்பேன். நீங்கள் சொன்னது அங்கே. இருபது பேர் சிரித்து முடிக்காத நேரத்தில்.

பத்தொன்பது வயதில் அடையாறு பாலத்தில் தண்ணீர் லாரி என் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு நான் போன இடமெல்லாம், 'அங்கே படிக்கட்டு இருக்குமே, இவளால் முடியுமா' என்று யாராவது பார்த்துவிட்டு வந்து என்னைக் கூட்டிப்போன இடம்தான். சர்க்கார் கொடுத்த பக்கச் சக்கர ஸ்கூட்டரில் முதல் தடவை ஏறியபோது நீங்கள் கலங்கரை விளக்கம் வரை பின்னாலேயே ஓடி வந்தீர்கள். பிடிக்க அல்ல, கைதட்டிக்கொண்டு. அந்த ஆள் எங்கே போனார் என்றுதான் கூட்டத்தில் திரும்பிப் பார்த்தேன்.

பிரபுவின் குழு எனக்கு வேண்டாம். தனியாகப் போகிறேன். தரமணி ஆபீஸில் லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அனு

•

சாந்தோம்
24 ஜூன் 2024

அனு,

'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். மற்றதெல்லாம் தாங்கிக்கொண்டேன்.

ஆதம்பாக்கத்திலிருந்து வெள்ளைச்சாமி பேசினார். உன் பைக்குக்கு மூன்றாவது சக்கரம் வைத்துக் கட்டியவர் ஆயிற்றே, அவரிடமாவது உண்மை வரும் என்று கேட்டேன். "நைனா, அத்த சொல்லாதன்னு தங்கச்சி சொல்லிக்கீது" என்று இழுத்தார். அப்புறம் சொல்லிவிட்டார். முழு டேங்க் போட்டுக்கொண்டு பாண்டிச்சேரி போய்த் திரும்பினாயாம். கோவளம் வந்ததும் வண்டி நின்றுவிட்டதாம். வெயிலில் ரோட்டோரம் உட்கார்ந்திருந்தாயாம். அவர் வந்துதான் பெட்ரோல் ஊற்றினாராம்.

பதிமூன்று லிட்டர் டேங்க். கோவளம் வரை வந்தது இருநூற்று எழுபது கிலோமீட்டர் இருக்கும். லிட்டருக்கு இருபது, இருபத்தொன்று. அதுவும் நம் கடற்கரை ரோடு, பலகை மாதிரி மட்டமான ரோடு. மலையில் இது என்ன கொடுக்கும்? காற்றே இல்லாத இடத்தில் என்ஜின் மூச்சு வாங்காதா?

கடலில் எங்கள் கணக்கு இதுதான்: போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கையில் ஒரு பங்கு. கையில் இருக்கிற பங்கை எடுத்துச் செலவழிப்பவனோடு யாரும் படகேறமாட்டார்கள். உன் கணக்கில் போகிற பங்கே பாதியில் தீர்ந்துபோகிறது.

இதைப் படித்துவிட்டுக் கிழித்துப்போட்டாலும் சரி. போகாதே.

ஆண்டனி

•

திருவான்மியூர்
29 ஜூன் 2024

ஆண்டனிக்கு,

கோவளத்தில் வண்டி நின்றது நிஜம். அது நிற்கவேண்டும் என்றுதான் ஓட்டினேன். எங்கே நிற்கிறது என்று தெரியாமல் மலைக்குப் போகமுடியாது. வெள்ளைச்சாமி அண்ணனைக் கோவளத்துக்கு வரச்சொன்னதே நான்தான். அந்தப் பாதியை அவர் உங்களிடம் சொல்லவில்லை போலிருக்கிறது.

அதற்குப் பிறகு அவர் இன்னொரு டேங்க் பொருத்திக் கொடுத்திருக்கிறார். பதினோரு லிட்டர். இரண்டும் சேர்ந்து இருபத்துநாலு. மலையில் லிட்டருக்குப் பதினேழுதான் கொடுக்கும் என்று மோசமாகவே வைத்துக்கொள்வோம். நானூறைத் தாண்டுகிறது. உங்கள் மூன்றாவது பங்கு இதில் முழுசாக இல்லை, தெரியும். ஆனால் டாண்டிக்குப் பிறகு நான் திரும்பி வரப்போவதில்லை. முன்னால்தான் போகப்போகிறேன்.

கேன் கட்டிக்கொள்ளச் சொல்வீர்கள். கட்டமாட்டேன். அந்த வார்த்தையே எனக்கு இப்போது கசக்கிறது.

புதன்கிழமை காலையில் கிளம்புகிறேன். வழியனுப்ப வராதீர்கள். வந்தால் நின்றுவிடுவேன்.

அனு

•

சாந்தோம்
8 ஜூலை 2024
(மணாலி தபால் நிலையத்தில் வந்து வாங்கிக்கொள்பவருக்கு)

அனு,

நான் வரவில்லை என்று நினைத்திருப்பாய். மருந்தீஸ்வரர் கோவில் குளத்துக்கு எதிரில் நின்றிருந்தேன். டீக்கடை மறைவில். நீ ஹெல்மெட் போட்டுக்கொண்டு, கை லீவரில் கியர் மாற்றிக்கொண்டு போனாய். உன் அம்மா அழுதார். நீ திரும்பிப் பார்க்கவில்லை.

சண்டையை ஒரு பக்கம் வை. சில விஷயம் கேள். ஐம்பதுக்கு மேல் ஓட்டாதே. டயரில் காற்று குறைய விடாதே, குறைந்தால் பெட்ரோல் குடிக்கும். முன்னால் இருக்கிற அந்தக் கண்ணாடித் தடுப்பு பாய்மரம் மாதிரி காற்றைப் பிடிக்கிறது. எதிர்க்காற்று அடித்தால் அதைக் கழற்றிவிடு. குளிரும், ஆனால் வண்டி இன்னும் கொஞ்ச தூரம் போகும்.

கேனைப் பற்றி நான் பேசவில்லை.

ஆண்டனி

•

கேலாங்
23 ஜூலை 2024

ஆண்டனி,

அம்மா போனில் சொன்னதால் மணாலியில் போய் உன் கடிதத்தை வாங்கிக்கொண்டேன். தபால்காரர் என் காலையும் வண்டியையும் பார்த்துவிட்டு, டீ வாங்கிக் கொடுத்த பிறகுதான் கையெழுத்து கேட்டார்.

நம்மூர் ப்ரீபெய்ட் சிம் இனிமேல் வேலை செய்யாது என்கிறார்கள். இதற்கு மேல் நான் எங்கே இருக்கிறேன் என்று யாருக்கும் தெரியாது. அம்மாவிடம் சொல்லாதே.

இன்று டாண்டியில் இரண்டு டேங்கையும் வாய்வரை நிரப்பினேன். பங்க் வாசலில் போர்டு வைத்திருக்கிறார்கள், அடுத்த பங்க் எத்தனை தூரம் என்று. பைக்காரர்கள் அதன் முன்னால் நின்று சிரித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு நீ சொன்ன அமைதி கேட்கிற மாதிரி இருந்தது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தபோதே.

மலையேற்றத்தில் மைலேஜ் நான் நினைத்ததைவிடக் குறைவு. எவ்வளவு என்று சொல்லமாட்டேன். டயரில் காற்று சரியாக இருக்கிறது. கண்ணாடித் தடுப்பை இன்னும் கழற்றவில்லை.

காலையில் மேலே ஏறுகிறேன். லேயில் தபால் நிலையம் இருக்கிறது. எழுதுவதாக இருந்தால் அங்கே எழுது.

அனு

•

சாந்தோம்
31 ஜூலை 2024

அனு,

உன் கேலாங் கடிதம் இன்றுதான் வந்தது. அதற்குள் டி.வி.யில் காட்டிவிட்டார்கள். நீ போகிற வழியில் சர்ச்சு என்ற இடத்துக்கு மேலே காட்டாறு ரோட்டில் புகுந்து, வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு வண்டியாகப் பார்த்தேன். அவர்கள் படத்தை நிறுத்தாமல் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

பக்கிரி படகோடு காத்திருந்தான். நான் போகவில்லை. "இன்னா மாமா, தலைய கவுத்துக்கினு கீற. அக்கா கெட்டிக்காரி, வந்துடும்" என்றான். அவன் வாயால் அதைக் கேட்டதும்தான் எனக்குப் பயம் அதிகமாயிற்று. அன்று கடலில் கிடந்தபோதும் அவன் இதே குரலில்தான், "எவனாச்சும் வருவான் மாமா" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

பிரபுவுக்கு போன் பண்ணினேன். அந்தப் பாதையில் அவருக்குத் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். விசாரிப்பதாகச் சொன்னார். இன்னும் கூப்பிடவில்லை.

இந்தக் கடிதம் லேயில் கிடக்கும். நீ வந்து எடுத்தால்தான் இதற்கு அர்த்தம். எடுத்துவிட்டால் உடனே ஒரு வார்த்தை. திட்டினாலும் பரவாயில்லை.

ஆண்டனி

•

லே
1 ஆகஸ்ட் 2024

மாமா,

நான் பத்திரமாக இருக்கிறேன். அம்மாவுக்கு விடுதிக்காரர் போனிலிருந்து பேசிவிட்டேன், உனக்கும் சொல்லச் சொன்னேன். உன்னிடமே பேசியிருக்கலாம். பேசினால் நீ கத்துவாய், நான் வைத்துவிடுவேன். முழுசாகச் சொல்லவேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

காட்டாறு ரோட்டை அறுத்ததால் நாங்கள் எல்லாரும் மாட்டிக்கொண்டோம். தண்ணீர் வடிகிறவரை கூடாரங்களில் தங்கி, ஒருவழியாகப் பாங் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தேன். ராணுவ முகாமும் சில கூடாரக் கடைகளும்தான் அந்த ஊர். பாதி பெட்ரோல் செலவாகியிருந்தது. மிச்சம் பன்னிரண்டு லிட்டர். லேக்கு முன்னால் இருக்கும் பங்க் வரை போக அது தாராளம். முதல் முறையாகப் பயம் விட்டுப்போய் ஒரு தட்டு நூடுல்ஸ் சாப்பிட்டேன்.

அங்கே ஒரு கார் நின்றது. கரீமுல்லா, மஹ்விஷ் என்று பெங்களூர்த் தம்பதி. தமிழ் தெரியும். ரோடு அடைத்த நேரம் முழுக்கக் குளிருக்காக ஹீட்டரைப் போட்டே காரை ஓடவிட்டிருக்கிறார்கள். பெட்ரோல் அடியில் போய்விட்டது. அந்தப் பெண்ணுக்கு உயரம் ஒத்துக்கொள்ளவில்லை. உதடு நீலம் பாரித்து, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாள். முகாம் டாக்டர் ஆக்ஸிஜன் வைத்துவிட்டு, உடனே லேக்குக் கொண்டு போங்கள் என்றார். ஆம்புலன்ஸ் வேறொருவரை ஏற்றிக்கொண்டு ஏற்கெனவே போயிருந்தது. முகாமில் இருந்ததெல்லாம் டீசல். மற்ற பைக்காரர்கள் முன்னாலேயே கிளம்பிவிட்டார்கள்.

கரீமுல்லா கடை கடையாகப் போய் ஒரு லிட்டர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, கடைசியில் என் வண்டிக்கு முன்னால் வந்து நின்றார். கேட்கவில்லை. என் காலைப் பார்த்தார், டேங்கைப் பார்த்தார், திரும்பிவிட்டார்.

மாமா, நான் உடனே கொடுத்துவிடவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்து சாவியைக்கூடப் போட்டுவிட்டேன். ஆந்திராப் படகுக்காரர்களும் தங்கள் கணக்கைப் பார்த்துவிட்டுப் போயிருக்கலாம் இல்லையா? இறங்கினேன். இரண்டாவது டேங்கில் குழாயை விட்டு ஏழு லிட்டர் இறக்கிக் கொடுத்தேன். "அக்கா, அவளை ஆஸ்பத்திரியில சேர்த்துட்டு நானே கேன்ல கொண்டு வரேன். நீங்க இங்கேயே இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இருந்திருக்கலாம். ஆனால் எனக்கும் தலை பிளந்துகொண்டிருந்தது. இன்னொரு இரவு அந்த உயரத்தில் தங்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மழை மறுபடி வந்தால் ரோடு மூடும் என்றார்கள். ஐந்து லிட்டரோடு கிளம்பினேன். கண்ணாடித் தடுப்பைக் கழற்றிக் கூடாரக்காரரிடம் கொடுத்துவிட்டேன். சமவெளியில் நாற்பதுக்கு மேல் போகவில்லை. முகம் மரத்துப்போனது. அதற்கப்புறம் கடைசி மலை, தங்லாங் கணவாய். அதன் உச்சிக்குப் போய்விட்டால் மறுபக்கம் இறக்கம்தான்.

உச்சியில் கட்டியிருக்கும் கொடிகள் கண்ணில் தெரிந்தன. அப்போது வண்டி இருமியது. ரிசர்வுக்கு ஏற்கெனவே மாற்றியிருந்தேன். நின்றுவிட்டது.

நீ சொன்னது சரிதான். அந்த அமைதி அப்படித்தான் இருக்கிறது.

ரோட்டில் யாரும் இல்லை. மூடியைத் திறந்து பார்த்தேன். டேங்கின் நடுவில் முதுகு மாதிரி ஒரு மேடு. அதற்கு வலப்பக்கம் கொஞ்சம் பெட்ரோல் தேங்கி மினுமினுத்தது. குழாய் இருப்பது இடப்பக்கம். இரண்டு சக்கர வண்டியாக இருந்தால் இடப்பக்கம் ஒரு சாய் சாய்த்தால் போதும், எல்லாம் இந்தப் பக்கம் வந்துவிடும். நம் வண்டி சாயாது. எல்லாரும் மூன்று சக்கரத்தை அதற்காகத்தானே மெச்சுகிறார்கள்!

செயற்கைக் காலைக் கழற்றினேன். அதை மாட்டிக்கொண்டு அந்தச் சரிவில் குனிய முடியவில்லை. உட்கார்ந்தபடியே நகர்ந்து தட்டைக் கற்களை இழுத்து வந்து, வலது பின்சக்கரத்துக்குப் பின்னால் சாய்தளம் மாதிரி அடுக்கினேன். ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவில் படுத்து மூச்சு வாங்கினேன். வண்டி மேட்டைப் பார்த்து நிற்கிறது. பிரேக்கை விட்டால் பின்னால் உருளும். கற்களின் மேல் ஏறினால் சாயும். ஏறாமல் வழுக்கினால் பின்னால் பள்ளம். வண்டியில் ஏறி உட்காரவில்லை. பக்கத்தில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு கை பிரேக்கை விட்டேன்.

சக்கரம் கற்களின் மேல் ஏறியது. வண்டி என் பக்கம் சரிந்து என் தோளில் உட்கார்ந்தது. டேங்குக்குள் பெட்ரோல் இடப்பக்கம் விழுந்த சத்தம் கேட்டது. நான் அழுதேன். யாரும் பார்க்கவில்லை என்பதால் நன்றாகவே அழுதேன்.

பிரேக்கைப் பூட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். ஸ்டார்ட்டர் பட்டனை மூன்றாவது தடவை அமுக்கியதும் என்ஜின் பிடித்தது. உச்சியைத் தாண்டி, இறக்கத்தில் கியரில் போட்டு, கைப்பிடியை முறுக்காமல் இறங்கினேன். முதல் கிராமத்தில் கரீமுல்லா கேனோடு எதிரே வந்துவிட்டார். மஹ்விஷ் இப்போது எழுந்து உட்கார்ந்து சாப்பிடுகிறாளாம்.

கால் மிச்சமிருக்கும் இடம் புண்ணாகிவிட்டது. ஆறுகிற வரைக்கும் செயற்கைக் காலை மாட்டக்கூடாது என்கிறார் டாக்டர். இங்கேயே இருக்கிறேன்.

உன் கணக்கு சரியாகத்தான் இருந்தது. நான் போனதும் சரிதான். ஆனால் பெசன்ட் நகரை நான் இன்னும் மறக்கவில்லை.

அனு

•

சாந்தோம்
11 ஆகஸ்ட் 2024

அனு,

உன் அம்மா பேசியதும் சாந்தோம் கோவிலுக்கு ஓடி மெழுகுவர்த்தி ஏற்றினேன். கடிதம் வந்த பிறகு படித்தேன், மறுபடி படித்தேன். பக்கிரிக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டியபோது கற்களை அடுக்கும் இடத்தில் காகிதத்தை அவனிடம் நீட்டிவிட்டேன். அவன் வாங்கி மிச்சத்தைப் படித்தான்.

இன்று பெசன்ட் நகரில் பிரபுவின் கூட்டம். போனேன். அன்று இருந்த அதே ஆட்கள். என்னைப் பார்த்ததும் பிரபு எழுந்து வந்து, "மேடம் கலக்கிட்டாங்க! அடுத்த ரைடுக்கு எங்ககூடத்தான் வரணும்" என்று கையைப் பிடித்தார்.

நன்றாகப் பேசவேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். அங்கே நின்றதும் எல்லாம் மறந்துவிட்டது. "சார், அன்னிக்கு நீங்கோ சொன்னப்போ நானும் ஆமான்னேன். என் பொண்டாட்டி மூஞ்ச பாக்காம சொன்னேன். அது தப்பு. அவ வண்டிக்கு எவனும் கேன் தூக்கல. அவதான் ஒரு காருக்கே ஏழு லிட்டர் ஊத்தி அனுப்பிக்கிறா" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. பிரபு தலையைக் குனிந்துகொண்டு, "நானும் அப்படிப் பேசியிருக்கக்கூடாது சார்" என்றார். அவருக்கு நிஜமாகவே வருத்தம்தான் என்று தோன்றியது. நீ எப்படி எடுத்துக்கொள்வாயோ தெரியாது.

நாளை டெல்லி ரயிலில் ஏறுகிறேன். அங்கிருந்து பஸ். படகைப் பக்கிரி பார்த்துக்கொள்வான். உன்னைக் கூட்டி வருவதற்காக வரவில்லை. நீ ஓட்டித்தான் வருவாய். நான் பின்னால் உட்கார்ந்து வரலாமா என்று கேட்கத்தான் வருகிறேன். எழுபத்தெட்டு கிலோ இருக்கிறேன். லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டராவது என்னால் குறையும். கணக்குப் போட்டுப் பார்த்து, வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல். பஸ்ஸிலேயே உன் பின்னால் வருகிறேன்.

ஆண்டனி

•

லே
19 ஆகஸ்ட் 2024
(விடுதி வரவேற்பறையில், வருபவரிடம் கொடுக்க)

மாமா,

நீ வந்து சேரும் நேரத்தில் நான் ஆஸ்பத்திரியில் இருப்பேன், கட்டுப் பிரிக்கிறார்கள். அதனால் இதை வைத்துவிட்டுப் போகிறேன்.

பின்னால் உட்காரலாமா என்று கேட்டிருந்தாய். இரண்டாவது டேங்க் வைத்த பிறகு நீ இந்த வண்டியைக் கிட்டத்தில் பார்த்ததில்லை. வெள்ளைச்சாமி அண்ணன் அதை எங்கே வைக்கட்டும் என்று கேட்டபோது, பின்சீட்டைக் கழற்றச் சொன்னது நான்தான். அப்போது உன்மேல் அவ்வளவு கோபம். இனி அந்த இடத்தில் யாரும் உட்காரப்போவதில்லை என்றே சொன்னேன்.

நேற்று இங்கே ஒரு மெக்கானிக்கைப் பிடித்து டேங்கைக் கழற்றிவிட்டேன். பழைய சீட் கிடைக்கவில்லை. ஸ்பாஞ்சும் ரெக்சினும் வைத்துப் புதிதாகத் தைத்துக் கொடுத்தார். கொஞ்சம் கடினமாக இருக்கும்.

இனி மறுபடி பதிமூன்று லிட்டர்தான். உன்னையும் ஏற்றிக்கொண்டு வந்த வழியே திரும்ப முடியாது. ஸ்ரீநகர் வழியாக இறங்குவோம். சுற்றுதான். ஆனால் அந்த ரோட்டில் வழியெல்லாம் பங்க் இருக்கிறது, விசாரித்துவிட்டேன்.

டீ சொல்லிக் குடி. வந்துவிடுகிறேன்.

அனு